கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை

போன எபிசோடில் ஸ்மார்ட் கராஜ் ஓப்பனர் பற்றிப் பேசும்போது, "வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கை ஒரு தடவை பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். எந்த ஸ்பிரிங், அதில் என்ன பார்க்கணும் என்று கேட்டு மெயில்கள் வந்தன. அதற்கான பதில்தான் இது.

முதலில் என் கதை. 2021 பிப்ரவரி, டெக்சாஸ் பனிப்புயல். டாலஸ் பக்கம் எங்கள் வீட்டில் கரண்ட் போய், ஹீட்டரும் நின்றுவிட்டது. நண்பர் வீட்டில் கரண்ட் இருந்ததால் அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். கார் கராஜுக்குள். ஓப்பனரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்கினேன். அசையவே இல்லை. நானும் மனைவியும் சேர்ந்து இடுப்பு உயரம் வரை கொண்டுவந்தோம். கை வழுக்கியது. கதவு தடாலென்று கீழே விழுந்தது. எங்கள் மூன்று வயதுப் பையன் ஒரு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஸ்பிரிங் மாற்றியிருந்தோம். பழையது உடைந்ததும் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் வேனில் இருந்த ஒரு ஜோடியை மாட்டிவிட்டுப் போனார். பட்டனை அழுத்தினால் கதவு ஏறியது, இறங்கியது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. டெஸ்ட் பண்ணாமல் ப்ரொடக்ஷனில் விட்ட கோடு மாதிரிதான்.

விஷயம் என்னவென்றால், கதவின் எடையைச் சுமப்பது மோட்டார் இல்லை, மேலே தண்டில் சுற்றியிருக்கும் டார்ஷன் ஸ்பிரிங். கதவு இறங்கும்போது அது முறுக்கேறும், ஏறும்போது அந்த முறுக்கைத் திருப்பிக் கொடுக்கும். மோட்டார் சும்மா தள்ளிவிடுகிறது, அவ்ளோதான். சி.ஜி. ஜான்சன் மேலே ஏறும் கதவைக் கண்டுபிடித்தது 1921-ல். மின்சார ஓப்பனரை அவர் கொண்டுவந்தது 1926-ல். நடுவில் ஐந்து வருஷம் மக்கள் கையால்தான் தூக்கினார்கள். இன்றைக்கும் கதவு அப்படி ஒரு கையால் ஏறணும்.

ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க நான்கு விவரம் வேண்டும்: கம்பியின் தடிமன், உள்விட்டம், நீளம், எந்தப் பக்கம் சுற்றியது. வீட்டுக் கதவுகளில் உள்விட்டம் பெரும்பாலும் 1¾ அல்லது 2 இன்ச். நீளத்தை உடைந்த ஸ்பிரிங்கில் அளக்கும்போது உடைந்த இடைவெளியைச் சேர்க்காதீர்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் ஒன்று இடம், ஒன்று வலம். மாற்றி மாட்ட முடியாது.

கம்பித் தடிமனில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் சரியாக வராது. நெருக்கமாக ஒட்டியிருக்கும் 20 சுற்றுகளை டேப்பால் அளந்து, 20-ஆல் வகுங்கள். 5 இன்ச் வந்தால் கம்பி 0.250.

ஏன் இவ்வளவு துல்லியம்? ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. என் பழைய ஸ்பிரிங் 0.234, வேனில் இருந்து வந்தது 0.218. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மற்ற அளவுகள் அதேதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், தூக்கும் சக்தியில் கால்வாசி போச்சு. 160 பவுண்டு கதவில் 40 பவுண்டு அனாமத்தாக நின்றது. ஆறு மாதம் அந்தப் பாரத்தை மோட்டார் சத்தமில்லாமல் இழுத்ததால் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஆயுள். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை ஏறி இறங்கும் கணக்கில் வருகிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கராஜே வீட்டுக்கு முன்வாசல் என்று இருப்பவர்கள் அதிக ஆயுள் ஸ்பிரிங் கேளுங்கள். அதில் கம்பி தடிக்கும், கூடவே நீளமும் ஏறும். தூக்கும் சக்தி மாறாது. தடிமனை மட்டும் ஏற்றிவிட்டு நீளத்தை அப்படியே விட்டால் கதவு தானாக மேலே ஓடும். ஒரு ஜோடியில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுங்கள். மற்றதும் அதே அளவு உழைத்ததுதான்.

நானே மாட்டலாமா? 7 அடிக் கதவுக்கு ஏறக்குறைய ஏழரை முழுச் சுற்று முறுக்கணும். கம்பி நழுவினால் கையோ முகமோ போயிடும். நான் மாட்டமாட்டேன். ஆனால் அளவை நானே எடுப்பேன். உடைந்த ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்காது, மற்றதைத் தொடாதீர்கள். வருகிறவரிடம் "கதவை எடை போட்டீங்களா? கம்பி என்ன சைஸ்?" என்று கேட்பேன். இரண்டாவது முறை வந்தவர், முறுக்கை இறக்கி, கதவுக்கு அடியில் தராசு வைத்து எடை பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கையே எடுத்தார்.

இந்த வார இறுதியில் ஒரு டெஸ்ட். கதவு முழுசாக மூடியிருக்கும்போது மட்டும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். திறந்திருக்கும்போது இழுத்தால், ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு தலையில் விழும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பாதி உயரம் தூக்கி, மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி. இறங்கினாலோ ஏறினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். வைஃபை ஓப்பனரை அதற்கு அப்புறம் வாங்கிக்கலாம்.

டெஸ்ட் முடிவை மெயில் பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.