வாசலுக்கு வந்த விளைச்சல்

பிலிப்பீன்ஸில் லுக்பான் என்று ஓர் ஊர். லுக்பான் என்றால் தகாலோக் மொழியில் பம்பளிமாஸ். பக்கத்து ஊரான மஹாய்ஹாயிலிருந்து வேட்டைக்குப் புறப்பட்ட மூன்று பேர் வழி தவறி, களைத்துப்போய் ஒரு பம்பளிமாஸ் மரத்தடியில் உட்கார்ந்தார்களாம். இடம் பிடித்துப்போய் அங்கேயே குடியேறினார்களாம். ஊர்ப் பெயர்க் கதைகள் எல்லாமே இப்படித்தான், மரமோ பாறையோ ஒன்று வேண்டும். ஏட்டில் இருக்கும் கதை 1578இல் தொடங்குகிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் மஹாய்ஹாய் பங்கின் கிளையாக இதைத் தொடங்கி, 1595இல் தனிப் பங்காக்கினார்கள். மணிலாவுக்குத் தென்கிழக்கே, பனஹாவ் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மழைக்குக் குறைவில்லாத ஊர். நெல், தென்னை, காய்கறி என்று வாழும் 50,000 சொச்சம் மக்கள்.

பிலிப்பீன்ஸில் இப்படி நூற்றுக்கணக்கான ஊர்கள் உண்டு. லுக்பானைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவது மே 15ஆம் தேதி ஒரு நாளுக்காக.

அது உழவர்களின் பாதுகாவலரான சான் இசித்ரோவின் திருநாள். ஸ்பெயினின் மத்ரித் அருகே பிறர் நிலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்தவர் அவர். அவர் ஜெபத்தில் இருக்கும்போது வானதூதர்கள் வந்து அவருடைய ஏரைப் பிடித்தார்கள் என்பது ஐதீகம். 1622இல் புனிதர் பட்டம் பெற்றார். ஸ்பானியர் போன இடமெல்லாம் அவரும் போனார். லுக்பான் உழவர்கள் அவருக்கு முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். நெற்கதிர், தேங்காய், பூசணி, கிழங்கு என்று அவரவர் நிலம் கொடுத்ததைச் சாமியார் முன்னால் வைத்து மந்திரித்து வாங்கினார்கள். ஊர் பெருகியதும் கோயிலில் இடம் போதவில்லை. அவரவர் வீட்டு வாசலில் வையுங்கள், சாமியார் பவனியாக வந்து தீர்த்தம் தெளிப்பார் என்று ஏற்பாடானதாக ஊரார் சொல்கிறார்கள்.

வாசலில் வைத்தால் தெருவே பார்க்கும். தெரு பார்க்கிறது என்றால் பூசணியைச் சும்மா வைக்க மனம் வருமா? அடுக்கினார்கள், கட்டினார்கள், தொங்கவிட்டார்கள். அலங்காரம் என்ற பொருள் தரும் 'பஹியாஸ்' என்ற சொல்லே விழாவின் பெயராகிவிட்டது.

அந்த அலங்காரத்தின் உயிர் கிப்பிங். அரிசியை ஊறவைத்து அரைத்து, சாயம் கலந்து, காப்பி இலை, கொக்கோ இலை போன்ற அகல இலைகளின் மேல் மெல்லப் பூசி ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் பதமாக உரித்தால் இலையின் நரம்பு நரம்பாக அச்சு விழுந்த வில்லை கையில் வரும். நம் வீட்டு இலை வடாம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. சுருண்டுவிடாமல் பாரம் வைத்து அழுத்திக் காயவைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அடுக்கடுக்காகக் கோத்தால், தேவாலயத்தின் கண்ணாடிச் சரவிளக்கு போன்ற ஒரு தொங்கல் கிடைக்கும். அதற்குப் பெயர் அரங்யா. கண்ணாடியில் இருப்பதை அரிசியில் செய்து காட்டிய அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன். மே மாதத்தில் திடீரென்று ஒரு மழை பெய்தால் அத்தனையும் கூழ்தான் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

முன்பு இது உறவுக்காரர்கள் கூடி, அக்கம்பக்கத்தார் பார்த்து மெச்சும் வேலை. 1960களில் உள்ளூர் ஓவியர்கள் கைவைத்த பிறகு அது காட்சியானது. போட்டி வந்தது, நடுவர்கள் வந்தார்கள், பரிசு வந்தது, சுற்றுலாத் துறையின் நாள்காட்டியில் இடமும் வந்தது. இன்று வீட்டின் முகப்பு முழுவதையும் காய்கறியாலும் நெற்கதிராலும் ஓலைத் தொப்பியாலும் மூடிவிடுகிறார்கள். சிறு நகரம் ஒன்றின் மொத்த மக்கள் தொகையைவிட அதிகமான கூட்டம் குறுகலான தெருக்களில் நெரிகிறது. கடைக்காரருக்கும் தங்கும் விடுதிக்காரருக்கும் அன்றுதான் அறுவடை. 2020இல் கொரோனாவால் விழா ரத்தானபோது இந்த வரும்படியும் சேர்ந்தே போனது.

ஆனாலும் ஒரு பழைய ஏற்பாட்டை இவர்கள் விடவில்லை. பவனி போகும் பாதை வருடத்துக்கு வருடம் மாறும். இந்த ஆண்டு இந்தத் தெருக்கள், அடுத்த ஆண்டு வேறு தெருக்கள். முறை வருகிற வீட்டுக்காரர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், ஓய்ந்துபோவதில்லை. பிரதான சாலையில் வீடு வைத்திருக்கும் பணக்காரர் மட்டுமே புனிதரை வரவேற்பது என்ற நிலையும் இல்லை. சுற்றுலாவுக்கு வசதியாக ஒரே பாதையை நிரந்தரமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாததால்தான் இது இன்னும் ஊர்த் திருவிழா.

மாறிப்போனது வேறொன்று. வாசலில் தொங்கும் அந்த அரிசி யார் வயலில் விளைந்தது? அன்று அந்தக் கேள்விக்கே இடமில்லை, சொந்த வயல்தான். அண்டை மாகாணமான லகூனாவில், லோஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1966இல் அங்கிருந்து வந்த ஐ.ஆர்.8 ஆசியாவின் வயல்களையே மாற்றியது. தஞ்சை விவசாயிக்கும் அந்தப் பெயர் தெரியும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைவராக இருந்தார். அப்படிப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தைத் தன் மண்ணில் வைத்திருக்கும் நாடு, இன்று உலகில் மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளின் முன்வரிசையில் நிற்கிறது. 2019இல் வந்த சட்டம் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கி, வரி கட்டினால் போதும் என்றாக்கியது. அந்த ஆண்டே நெல் விலை சரிந்து உழவர்கள் தவித்தார்கள். புனிதருக்கு நன்றி சொல்லும் வாசலில் இந்தக் கணக்கை யாரும் தொங்கவிடுவதில்லை.

கோயிலுக்கு வருவோம். சான் லூயிஸ் ஒபிஸ்போ பெயரிலான இந்தக் கல் கட்டடம் தீயையும் போரையும் பார்த்தது. இப்போது நிற்பது 18ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் சிதைந்து, பிறகு திருத்திக் கட்டப்பட்டது. இந்தக் கோயில் மணி கேட்டு வளர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் உண்டு. பெயர் அப்போலினாரியோ தெ லா குரூஸ், ஊராருக்கு எர்மானோ பூலே, அதாவது பூலே சகோதரர். துறவியாக வேண்டும் என்று 1830 வாக்கில் மணிலா போனார். மண்ணின் மைந்தனுக்கு மடத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சான் ஹுவான் தெ தியோஸ் மருத்துவமனையில் ஊழியராகச் சேர்ந்து, வேதத்தைத் தானே கற்றார். 1832இல் 19 பேரைச் சேர்த்துப் புனித சூசையப்பர் பெயரில் ஒரு சகோதர சபையைத் தொடங்கினார். சபை தயாபஸ், லகூனா, பதங்காஸ் என்று பரவியது. தம்மைத் தள்ளிய வெள்ளையருக்கு அவர் பதிலுக்கு ஒரு விதி வைத்தார்: அனுமதியில்லாமல் ஸ்பானியரோ கலப்பினத்தாரோ சபையில் சேர முடியாது.

அங்கீகாரம் கேட்டுப் போட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. சபை கலகக் கும்பல் என்றானது. 1841 அக்டோபரில் படை வந்தது. முதல் சண்டையில் மாகாணத் தலைவரான ஸ்பானியரே மாண்டார். நவம்பர் 1ஆம் தேதி அலிதாவோவில் பெரிய படை சூழ்ந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. நவம்பர் 4ஆம் தேதி தயாபஸில் பூலேயைச் சுட்டு, உடலைக் கூறுபோட்டு, தலையைக் கூண்டில் வைத்து வழிப்போக்கர் பார்க்கச் சாலையோரம் நட்டார்கள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை. அவர் கேட்டது ஜெபம் செய்ய உரிமை மட்டுமே என்பது என் கருத்து. துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது. இன்று லுக்பானிலும் தயாபஸிலும் அவருக்குச் சிலை இருக்கிறது. மாகாணமும் 1946இல் தயாபஸ் என்ற பெயரை விட்டு, குடியரசுத் தலைவராக இருந்த மனுவேல் கேசோன் பெயரை ஏற்றுக்கொண்டது.

பூலேயின் ஆட்கள் அடைக்கலம் புகுந்த பனஹாவ் மலைப் பக்கம் இன்றும் பக்தர்கள் போகிறார்கள். பலருக்கு அது புனித மலை. நீரூற்றுக்கும் குகைக்கும் பெயர் வைத்து யாத்திரை செய்கிறார்கள். ஏறியவர்கள் போட்ட குப்பை தாங்காமல் 2004இல் மலையேற்றத்தை நிறுத்தினார்கள், 2009இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார்கள். ஊர்ப் பக்கத்தில் புதிய நூற்றாண்டில் வேறொரு மலை முளைத்தது: 'கமாய் நி ஹேசுஸ்', இயேசுவின் கை. குன்றின் மேல் உயிர்த்த கிறிஸ்துவின் 50 அடிச் சிலை. மேலே போகும் படிகளின் ஓரத்தில் சிலுவைப் பாதைச் சுரூபங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளியில் கூட்டம் படிகளில் நகரக்கூட முடியாது. மே 15க்கு மட்டும் வந்துகொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் இப்போது தவக்காலத்திலும் வருகிறார்கள்.

சாப்பாடு அவ்வளவாக மாறவில்லை. பூண்டும் வினிகரும் தூக்கலாக இருக்கும் லோங்கனீசா, அதாவது பன்றி இறைச்சிக் குழல், கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பன்சித் ஹப்ஹப் என்ற நூடுல்ஸை வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். கரண்டி, முள்கரண்டி கிடையாது. கைவிரலும் படாமல் இலையோடு வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வினிகர் ஊற்றிக்கொள்ள வேண்டும். வயலில் தட்டு எங்கே, கழுவ நேரம் எங்கே? விழாவுக்கு வரும் நகரத்துப் பிள்ளைகள் அதையே நின்றபடி, சட்டையில் சிந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

போக நினைப்பவர்கள் மே 14ஆம் தேதி மாலையே ஊருக்குள் போய்விடுங்கள். அன்றிரவு ஏணிகளில் ஏறிக் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம், மறுநாள் கூட்டத்தில் முகப்பு மட்டும்தான் தெரியும். வாசலில் வாங்கும் கிப்பிங்கைப் பொரிப்பதற்கு முன், சாயம் சாப்பிடக்கூடியதுதானா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.