அவளுக்குப் பஞ்சியில்லை

"இவளுக்கு எல்லாம் தெரியும் பிள்ளை. வேலை செய்யத்தான் பஞ்சி."

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வீட்டுத் தரிசிப்புக்குச் செல்லும் ஒரு தாய், முதல் நாளே தன் மகளைப் பற்றி இப்படித்தான் சொன்னார். 2009 இல் நெற்றியில் செல் துண்டு பட்டபோது மகளுக்கு 9 வயது. உயிர் தப்பினாள். நடை, பேச்சு எல்லாம் சரியாக வந்தன. பாடசாலையில் வாசிப்பாள், வாய்ப்பாடும் சொல்வாள். வசனக் கணக்கு என்றால் மட்டும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஓர் ஆசிரியர் 'மொக்கு' என்று பட்டம் வைத்தார். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

அன்று எனக்குத் தேத்தண்ணீர் போடச் சொன்னார் தாய். அவள் அடுப்பை மூட்டிக் கேத்திலை வைத்தாள், தண்ணீர் விடவில்லை. சீனிப் போத்தலை எடுக்கப் போனவள், அங்கே கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். வெறும் கேத்தில் கருகி மணந்தது. தாய் கையை ஓங்கிவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நெற்றிக்குப் பின்னால் இருப்பது மூளையின் முன்பகுதி. எதை முதலில் செய்வது, அடுத்தது என்ன, பிழைத்தால் எப்படி மாற்றுவது என்று ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. கலியாண வீட்டில் அரிசி, மரக்கறி, சமைக்கும் ஆட்கள் எல்லாம் இருந்தும், நின்று நடத்த ஒருவர் இல்லாவிட்டால் எப்படியிருக்கும்? அந்தப் பிள்ளையின் நிலை அதுதான்.

இது புதிதாகக் கண்டதல்ல. 1848 இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையின்போது பினியஸ் கேஜ் என்பவரின் தலையை இரும்புக் கம்பியொன்று துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார். ஆனால் போடும் திட்டங்களை இடையிலேயே கைவிடுகிறார் என்று அவரது வைத்தியர் எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போரில் தலையில் காயப்பட்ட படையினருடன் வேலை செய்தவர் ரஷ்ய உளவியலாளர் லூரியா. முன்மூளை பாதிக்கப்பட்டோர், கணக்கை ஆராயாமலே விடை சொல்லப் பாய்வதை அவர் கண்டார். படிகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தபோது சிலரால் செய்ய முடிந்தது.

நாங்களும் அதைத்தான் செய்தோம். தேத்தண்ணீர் போடுவதை ஏழு படமாக மட்டையில் கீறிக் குசினிச் சுவரில் ஒட்டினோம். ஒரு படம் முடிந்தால் அதில் ஒரு துணி கிளிப் போட வேண்டும். சாமான்களுக்கு ஒரே இடம். அந்த நேரம் வானொலி போடக்கூடாது, யாரும் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. பிழைவிட்ட பிறகு ஏசாமல், பிழை வருமுன்னரே கை காட்டச் சொன்னேன். தாய்க்கு இதுதான் மிகக் கடினமாயிருந்தது. இரண்டு மாதத்தின் பின் ஒருநாள் அவள் தனியே போட்ட தேத்தண்ணீரைக் குடித்தேன். சீனி கூடத்தான்.

அன்று தாய் அழுதார். "எத்தனை நாள் அடிச்சிருப்பன் பிள்ளை."

தலையில் துண்டு பட்டவர்களுக்கு வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். வைத்தியர் சொல்லாமல் மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். உடம்பில் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கக்கூடும்.

சென்ற முறை போனபோது தாய் கேட்டார்: "எனக்குப் பிறகு ஆர் இவளுக்குப் பக்கத்தில நிக்கிறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் மருமகளைக் கூப்பிட்டு, மட்டையில் உள்ள ஏழு படங்களையும் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "அண்ணி, முதல் தண்ணி விடோணும்" என்று மகளே முந்திக்கொண்டு சொன்னாள்.