ஆட்டக்காரர்களின் இன்னொரு ஆசை

'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்று நம் பெரியவர்கள் கண்டிப்பார்கள். ஒரு தொழிலைப் பிடித்தவன் அதையே கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது கடைத்தெருவின் எழுதாத சட்டம். கல்லாவில் உட்கார வேண்டிய பையன் வேறு எதிலாவது மனதை விட்டால் தகப்பனாருக்குப் பொறுக்காது. ஆனால் உலகப் புகழ் பெற்ற விளையாட்டு வீரர்கள் சிலரைக் கவனித்தால், அந்தச் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தலாமோ என்று தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992 உலகக் கோப்பையில் பந்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து, ஸ்டம்புகள் மீது உடம்போடு பாய்ந்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே, அவர்தான். 1993-இல் பம்பாயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 5 கேட்ச் பிடித்தவரும் அவரே. ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்குக்கான ஹாக்கி அணிக்குத் தேர்வானார். அணி தகுதி பெறாததால் போக முடியவில்லை. இவ்வளவும் போதாதென்று, அலை மீது பலகையில் நின்று சறுக்கிப் போவதில் அவருக்குத் தீராத மோகம்.

அந்த மோகம்தான் அவரை நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்துக்கே அழைத்து வந்தது. 2013-இல் அங்கே தொடங்கிய அலைச்சறுக்கு விழாவுக்கு வந்து உள்ளூர்ப் பையன்களோடு கடலில் இறங்கினார். அந்தப் பையன்களைப் பழக்கியவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்பது அங்கே விதி. நம் கடைகளில் எத்தனை பேர் இப்படி ஒரு விதி வைத்து நடத்த முடிகிறது? மாமல்லபுரத்தில் 2023-இல் சர்வதேசப் போட்டியும், 2025-இல் ஆசியப் போட்டியும் நடந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கினால் விடுதி, டீக்கடை, மளிகை எல்லாவற்றுக்கும் வியாபாரம்தான்.

2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது வழிகாட்டியாக இருந்த விசுவநாதன் ஆனந்துக்கு வானியலில் நாட்டம். 5 முறை உலகப் பட்டம் வென்ற அவருடைய பெயரை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் 4538-ஆம் எண் சிறுகோளுக்கு 2015-இல் சூட்டினார்கள். டென்னிஸ் விஜய் அமிர்தராஜ் 1983-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார். நடிப்பைவிட அவர் டென்னிஸ்தான் எனக்குப் பிடிக்கும். அது வேறு விஷயம்.

இவர்கள் யாரும் முதல் தொழிலில் பாக்கி வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடிப் போகவில்லை. நான் கவனிப்பது இதைத்தான். ரோட்ஸ் பயிற்சிக்கு மட்டம் போட்டிருந்தால் அந்த 5 கேட்ச் ஏது?

நம் கடைத்தெருவில் இன்று பெரிய கவலை, பிள்ளைகள் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்பது. காலை முதல் இரவு வரை பேரேடும் சரக்கும் தவிர வேறொன்றும் கிடையாது என்றால் இளவட்டம் எப்படி வரும்? மாதச் சம்பளம் குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதே என்று சென்னைக்கு ஓடுகிறார்கள்.

கல்லூரியில் வணிகவியல் படிக்கும் என் பேரன் ஞாயிறு விடியலில் கோவளத்துக்குப் போகிறான். அவன் தகப்பனாருக்கு இஷ்டமில்லை. வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது. நான் நடுவே புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்து வைத்தேன். ஞாயிறு அவனுக்கு. திங்கள் விடியற்காலை 4 மணிக்குப் பருப்பு லாரி வரும். அப்போது மண்டியில் நின்று மூட்டையை எண்ணி இறக்க வேண்டியது அவன் பொறுப்பு. இதுவரை ஒரு திங்களும் தவறவில்லை.