ஒரே கடை, ரெண்டு பீட்சா: விறகு அடுப்புக்குள்ள என்னதான் நடக்குது?

வெளியூர் நண்பர்கள் நம்ம திருவண்ணாமலைக்கு வந்தா கோயில், கிரிவலம் எல்லாம் முடிச்ச பிறகு கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு: "இந்த ஊர்ல அசல் இத்தாலியன் பீட்சா கிடைக்குமாமே?" கிடைக்கும். பதினாறு வயசுல, 1896-ல், இந்த மலையைத் தேடி வந்த ரமணர் 1950-ல் மறையும் வரை ஊரை விட்டுப் போகவே இல்லை. 1934-ல் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் அவரை வெளிநாட்டுல பரவலா அறிமுகப்படுத்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச வெளிநாட்டு வருகை இன்னும் நிக்கல. தீபத்துல தொடங்கி மார்ச் வரைக்கும் செங்கம் ரோட்டுல நடந்து பாருங்க, தெரியும். மாசக்கணக்கா தங்குறவங்களுக்கு இட்லி, பொங்கலோட ரொட்டியும் காபியும் பீட்சாவும் தேவைப்பட்டுது. கடைகள் வந்துச்சு.

ஆனா அந்த மாதிரி ஒரு விறகு அடுப்பு பீட்சா கடையைப் பத்தி நம்ம பசங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டா ரெண்டு பதில் வரும். ஒருத்தன் "மச்சான், வேற லெவல்"னு சொல்வான். இன்னொருத்தன் "ஓரம் கருகிப் போச்சு, நடுவுல கொழகொழன்னு இருந்துச்சு, வேகவே இல்ல"னு சொல்வான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. வெப்பக் கடத்தல் பேப்பரை எழுதித் தள்ளிட்டு மறந்துபோன நமக்கு அதே பாடம் இந்தத் தட்டுல காத்திருக்கு.

முதல்ல அந்தக் கருகின ஓரம். நேப்பிள்ஸ் முறையில அடுப்போட சூடு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். பீட்சா உள்ள இருக்கிறது 60 முதல் 90 விநாடிதான். நம்ம வீட்டு மின் அடுப்புகள் பெரும்பாலும் 250 டிகிரியைத் தாண்டாது. அவ்வளவு சூட்டுல மாவுக்குள்ள இருக்கிற தண்ணி சட்டுனு ஆவியாகி ஓரத்தை ஊத வைக்கும். ஊதின இடத்துல மாவு மெல்லிசாகி, அங்க மட்டும் கரும்புள்ளி விழும். இத்தாலிக்காரங்க அதை ருசின்னே நினைக்கிறாங்க. 1984-ல் நேப்பிள்ஸ்ல தொடங்கின அசல் பீட்சா சங்கம் இதுக்கெல்லாம் அளவே வெச்சிருக்கு: விட்டம் 35 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, நடுப்பகுதி கால் செ.மீ. தடிமன், ஓரம் 1 முதல் 2 செ.மீ. கால் செ.மீ. மாவு மேல தக்காளிச் சாறும் ஈரமான சீஸும் விழுந்தா நடு கொஞ்சம் தளரத்தான் செய்யும். அது பச்சை மாவு இல்ல. நம்ம ஊருக்கு பெரிய கம்பெனி கடைகள் மூலமா முதல்ல அறிமுகமானது தடிச்ச, மொறுமொறு அடிப்பாகம். அதை மனசுல வெச்சுக்கிட்டு இதை எடைபோட்டா ஏமாற்றம்தான். ஊத்தப்பம் எதிர்பார்த்து ரவா தோசை ஆர்டர் பண்ணின கதை.

சரி, 400 டிகிரியில அடிப்பாகம் ஏன் கரியாகல? செங்கல் தரைதான் காரணம். 2018-ல் வர்லமோவ், கிளாட்ஸ்ங்கிற ரெண்டு இயற்பியலாளர்களும் கிராஸோங்கிற உணவு மானுடவியலாளரும் சேர்ந்து நல்ல பீட்சா வேகுறதுக்குப் பின்னாடி இருக்கிற இயற்பியலை ஒரு கட்டுரையா எழுதினாங்க. ரோம் நகரத்து அடுப்பை வெச்சுப் போட்ட கணக்கு. தரை 330 டிகிரி, மாவு 20 டிகிரின்னு வெச்சுக்குங்க. ரெண்டும் தொடுற இடத்துல என்ன வெப்பம் வரும்? பொருளோட வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா அது எவ்வளவு வேகமா வெப்பத்தைக் கைமாத்தும்னு தெரியும். செங்கல்லுக்கு அது கம்மி. அதனால தொடுற இடம் சுமார் 208 டிகிரியில நிக்கும், பீட்சா ரெண்டு நிமிஷத்துல பக்குவமாகும். அதே 330 டிகிரியில எஃகுத் தரை இருந்தா தொடுற இடம் ஏறக்குறைய 300 டிகிரி. மேல வேகுறதுக்குள்ள அடி கரி. எஃகுத் தரையில அதே 208 வேணும்னா சூட்டை 230-க்குக் குறைக்கணும், அப்போ மேல இருந்து விழுற கதிர்வீச்சும் குறைஞ்சுடும். மொட்டை மாடியில வெயில்ல கிடக்கிற மரப்பலகையும் இரும்புக் கம்பியும் ஒரே வெப்பநிலையில இருந்தாலும் கம்பி மட்டும் கையைச் சுடுமே, அதே சமாச்சாரம்தான்.

இதே கட்டுரையில நமக்கு நேரடியா உதவுற விஷயம் ஒண்ணு இருக்கு. மேல காய்கறி நிறையப் போட்டா அதுல இருக்கிற தண்ணி ஆவியாக அதிக நேரம் வேணும். அடிப்பாகம் அதுவரைக்கும் தாங்காது. அதனால பீட்சா போடுறவர் கடைசியில துடுப்பால பீட்சாவைத் தரையில இருந்து தூக்கிப் பிடிச்சு, மேல் சூட்டுல மட்டும் காட்டி எடுப்பார். நாம கடைக்குப் போய் காளான், குடைமிளகாய், பன்னீர், சோளம்னு காசு கூடக் கொடுத்து ஏத்திக்கிட்டே போறோம். பிறகு "நடுவுல தண்ணியா இருக்கு"ங்கறோம்.

இப்ப ரெண்டு பேரோட ரெண்டு பதிலுக்கு வருவோம். இங்கதான் விஷயமே இருக்கு. செங்கல் வெப்பத்தை மெதுவாக் கைமாத்தும்னு பார்த்தோம். அதே குணம் திருப்பி அடிக்கும். ஒரு பீட்சா எடுத்த இடத்துல மேற்பரப்பு குளிர்ந்துபோகும், உள்ளே இருக்கிற சூடு மேல வர நேரமாகும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போனவனுக்கு நல்லாச் சூடேறின தரை. பௌர்ணமி ராத்திரி இருபதாவது ஆர்டரா மாட்டினவனுக்கு இப்பத்தான் ஒரு பீட்சா எடுத்த அதே இடம். மேல சீஸ் கொதிக்கும், அடி வெளுத்திருக்கும். தீயை விசிறி விட்டாலும் மேல்பக்கம்தான் சீக்கிரம் ஏறும். கெட்டிக்கார மாஸ்டர் இடம் மாத்தி மாத்திப் போடுவார், ரெண்டு நிமிஷம் காத்திருக்கச் சொல்வார். அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் நாம "சர்வீஸ் ஸ்லோ"னு ஸ்டார் குறைக்கிறோம்!

விலையைப் பத்தியும் புலம்பல் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அடுப்புச் செங்கல் 500 கிலோன்னு வெச்சுக்கலாம். தன்வெப்பம் கிலோவுக்கு 0.9 கிலோஜூல். 400 டிகிரி ஏத்த 180 மெகாஜூல். காய்ஞ்ச விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். ஒரு துளிகூட வீணாகாட்டியே 12 கிலோ. உண்மையில புகைபோக்கி வழியா போறதைச் சேர்த்தா அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. ஒரு பீட்சா வேக எவ்வளவு? மாவையும் மேல போட்டதையும் 100 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு 30 கிராம் தண்ணியை ஆவியாக்கினா மொத்தம் 150 கிலோஜூல் பக்கம். அதாவது, முதல் பீட்சா உள்ளே போறதுக்கு முன்னாடியே ஆயிரத்துக்கும் மேல பீட்சாவுக்கான வெப்பம் செங்கல்லுக்குள்ள போயிருக்கு. நாப்பது பேர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் அந்தச் செலவு ஒண்ணுதான். சீசன் முடிஞ்ச ஏப்ரல், மே மாசத்துல இந்தக் கடைகள் ஏன் பாதி நாள் பூட்டிக் கிடக்குன்னு இதுலயே புரியும். வெயில் வேற. அந்த மாசங்கள்ல வெளியே வெச்ச மாவு இட்லி மாவு மாதிரியே சீக்கிரம் பொங்கிப் புளிச்சுடும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு தீர்த்த மாவு அடுப்புல போட்டாலும் நிறம் வராது, இழுத்தா கிழியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாம கோடையில இந்தத் தொழில் கஷ்டம்.

கோயில் ஊர்ங்கறதால இன்னொரு கேள்வி. சில பேர் வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறோம். மெனுவுல "சுத்த சைவம்"னு போட்டிருந்தாலும் சீஸைப் பத்திக் கேட்டுக்கறது நல்லது. பாலை உறைய வைக்க ரென்னெட் வேணும். பாரம்பரியமா அது கன்னுக்குட்டியோட வயித்துல இருந்து எடுக்கறது. இத்தாலியோட அசல் பார்மிஜானோ ரெஜானோவுக்கு கன்னு ரென்னெட்தான் போடணும்னு விதியே இருக்கு. இந்தியாவுல விக்கிற மொசரெல்லா பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட்ல செய்யறது, பாக்கெட்டுல பச்சைக் குறி இருக்கும். ஆனா மேல தூவுற சீஸ் இறக்குமதியான்னு "அண்ணா, அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்"னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கடைசியா பார்சல். ஹாஸ்டல் பசங்களோட குறையில பாதி இதுலதான். அடுப்புல இருந்து வந்த பீட்சா ஆவி விட்டுக்கிட்டே இருக்கும். மூடின அட்டைப் பெட்டியில அந்த ஆவி திரும்பத் தண்ணியாகி மாவுலயே இறங்கும். செங்கம் ரோட்டுல இருந்து ஹாஸ்டல் வர்றதுக்குள்ள மொறுமொறுப்பு போயிடும், அதுக்குக் கடைக்காரர் என்ன பண்ணுவார்? பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி எடுத்துட்டு வாங்க. வந்ததும் எண்ணெய் போடாத தோசைக்கல்லை மிதமான தீயில வெச்சு ஒவ்வொரு துண்டா ரெண்டு நிமிஷம் போட்டு எடுங்க. மூடி மட்டும் போட்டுடாதீங்க, மறுபடியும் ஆவி.