வேண்டுமென்றே தவறவிட்ட ஸ்வரம்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'க்ளீ'யின் முதல் சீசனில் ஒன்பதாவது எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. கர்ட் என்ற பையனுக்கு அந்த உச்ச ஸ்வரம் எட்டும். போட்டிக்கு முன்பே பாடிப் பார்த்து, எட்டிவிட்டது என்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியும் இருக்கிறான். பிறகு எல்லோர் முன்னாலும் பாடும்போது, சரியாக அந்த இடத்தில் குரல் உடைந்துபோகிறதே, ஏன்?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்ல, கதை நடக்கிற ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தில் லைமா என்ற சிறு நகரம். அங்கே வில்லியம் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளி என்று ஒரு கற்பனைப் பள்ளி. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2009 முதல் 2015 வரை 6 சீசன்களாக ஓடிய தொடர் இது. ரையன் மர்ஃபி, பிராட் ஃபால்சக், இயன் பிரென்னன் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. க்ளீ கிளப் என்றால் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடி ஆடும் குழு. மற்றப் பள்ளிகளோடு வட்டார அளவில், தேசிய அளவில் போட்டியிடுவார்கள். இந்தப் பள்ளியில் ஃபுட்பால் ஆடும் பையன்களும் சியர்லீடர் பெண்களும்தான் மேல்தட்டு. பாட்டுக் குழுவில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கீழே. நடைவழியில் போகும்போது முகத்தில் சாயம் கலந்த ஐஸ் பானத்தை விசிறி அடிப்பார்கள். கர்ட்டைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவது அங்கே அன்றாட வழக்கம்.

'வீல்ஸ்' என்ற இந்த எபிசோட் 2009 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் மர்ஃபி, இயக்கியவர் பாரிஸ் பார்க்லே. கதை ஒரு பேருந்தில் தொடங்குகிறது. குழுவில் ஆர்ட்டி சக்கர நாற்காலியில் வருகிறவன். போட்டிக்குப் போக, நாற்காலியை ஏற்றும் வசதி கொண்ட பேருந்து வேண்டும். அதற்குப் பள்ளியில் பணம் இல்லை. கேக் செய்து விற்றுப் பணம் சேர்ப்போம் என்று ஆசிரியர் வில் ஷூஸ்டர் சொல்கிறார். மற்றப் பிள்ளைகளுக்கு அதில் ஆர்வமே இல்லை. ஆர்ட்டியை அவன் அப்பா காரில் கொண்டுவந்து விட்டுவிடுவாரே, அவனுக்கு அது பழகிப்போனதுதானே என்கிறார்கள். அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்கிறார்கள். கோபமான ஆசிரியர் எல்லோரையும் தினமும் மூன்று மணி நேரம் சக்கர நாற்காலியில் இருக்கச் சொல்கிறார்.

இந்த எபிசோட் என்றாலே பேருந்தும் நாற்காலிகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு உள்ளே ஓடுகிற சரடு வேறு என்பது என் எண்ணம். இதில் வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது. அந்த மறைப்புக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் உறவுகள் தாமாகவே விளங்கிவிடும்.

கர்ட்டிடமே திரும்புவோம். 'விக்கெட்' என்ற பிராட்வே இசை நாடகம் 2003இல் அரங்கேறியது. பச்சை நிறத்தோடு பிறந்து எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், இனி யார் சொல்லுக்கும் அடங்குவதில்லை என்று முடிவெடுத்து வானில் எழும்பிப் பாடும் பாட்டு 'டிஃபையிங் கிராவிட்டி'. நாடகத்தின் முதல் பாதி அதோடுதான் முடிகிறது. ஆசிரியர் அந்தப் பாட்டை வழக்கம்போல் குழுவின் முன்னணிப் பாடகி ரேச்சலுக்குக் கொடுக்கிறார். பெண் பாடும் பாட்டு, நீ எப்படிப் பாடுவாய் என்பதுபோல் கர்ட்டை ஒதுக்கிவிடுகிறார். கர்ட் வீட்டில் போய் வருத்தப்படுகிறான்.

அவன் அப்பா பர்ட் ஹம்மல் ஒரு கார் மெக்கானிக். தலையில் எப்போதும் தொப்பி; பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. மனைவி இறந்துவிட்டார், மகனைத் தனியாக வளர்க்கிறார். நான்காவது எபிசோடில் கர்ட் தன் தன்பாலீர்ப்பைப் பற்றி அப்பாவிடம் சொல்கிறான். எனக்கு உன் மூன்று வயதிலேயே தெரியும் என்கிறார் பர்ட். இந்த விஷயம் தனக்கு முழுச் சந்தோஷம் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். ஆனாலும் உன் மேல் வைத்த பாசம் துளியும் குறையவில்லை என்கிறார். மைக் ஓமாலி இந்தப் பாத்திரத்தை நடித்த விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். உலகத்தைப் புரிந்துகொண்ட நவீன அப்பாவாக அவர் காட்டிக்கொள்வதே இல்லை. புரியாத இடத்திலும் மகனை விட்டு நகராத மனிதர், அவ்வளவுதான்.

அந்த மனிதர்தான் இப்போது பள்ளிக்கு வந்து சண்டை போடுகிறார். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கிற வாய்ப்பை என் பிள்ளைக்கும் கொடு என்பதுதான் வாதம். ரேச்சலும் கர்ட்டும் ஒரே பாட்டைப் பாடட்டும், குழு வாக்களிக்கட்டும் என்று முடிவாகிறது.

இங்கேதான் அந்தத் தொலைபேசி அழைப்பு. பெயர் சொல்லாத ஒருவன் பர்ட்டை அழைத்து, அவர் மகனைப் பற்றி ஒரு வசைச் சொல்லைத் துப்பிவிட்டு வைத்துவிடுகிறான். அந்த நேரம் பார்த்து கர்ட் சந்தோஷமாக ஓடி வருகிறான், உச்ச ஸ்வரத்தைத் தொட்டுவிட்டேன் என்று சொல்ல. அப்பாவின் முகம் இருண்டிருக்கிறது. விஷயத்தைக் கேட்ட கர்ட் அதைத் தள்ளிவிடப் பார்க்கிறான். தனக்கு அது தினமும் நடப்பதுதான் என்கிறான். எனக்கு அப்படி இல்லையே என்கிறார் பர்ட்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மகன் ஒவ்வொரு நாளும் விழுங்கி வந்ததை அப்பா முதல் முறையாக வாயில் வைத்துப் பார்க்கிறார். இத்தனை நாள் கர்ட் வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டான். அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது பாட்டுப் போட்டி பர்ட்டை ஊர் கண்ணில் நிறுத்திவிட்டது. மேடையில் பெண்ணின் பாட்டை மகன் பாடி ஜெயித்தால் அழைப்புகள் இன்னும் வரும். பர்ட் பாடாதே என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அதனாலேயே கர்ட் தானாக முடிவெடுக்கிறான். எல்லோரும் பார்க்க, அந்த ஒரு ஸ்வரத்தில் குரலை விட்டுவிடுகிறான். ரேச்சல் ஜெயிக்கிறாள்.

பிறகு அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்கிறான்: வேண்டுமென்றேதான் விட்டேன், நட்சத்திரம் ஆவதைவிட உங்களை எனக்குப் பிடிக்கும் என்று. குழுவிடம் மறைத்தான், ரேச்சலிடம் மறைத்தான், அப்பாவிடம் மட்டும் மறைக்கவில்லை. விலை முழுவதையும் அவனே கொடுத்தான்.

இதைத் தியாகம் என்று கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் வசை பாடியவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. பர்ட்டின் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. தன்னைக் காப்பாற்ற மகன் குனிந்துவிட்டான் என்ற வலிதான் தெரிகிறது. நல்ல எழுத்து என்பதால் மர்ஃபி அந்த வலிக்கு மருந்து எதுவும் தடவாமல் விட்டிருக்கிறார்.

இந்தக் கதையின் வேர் நிஜத்தில் இருக்கிறது. கர்ட்டாக நடித்த கிறிஸ் கோல்ஃபர், பள்ளியில் படித்தபோது இதே பாட்டைப் பாட ஆசைப்பட்டார். அது பெண் பாடுவது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அதைக் கேட்ட மர்ஃபி இந்த எபிசோடுக்குள் கொண்டுவந்தார். கோல்ஃபர் முதலில் ஆர்ட்டி வேடத்துக்குத்தான் தேர்வுக்கு வந்தார் என்பதும், அவருக்காகவே கர்ட் என்ற பாத்திரம் புதிதாக எழுதப்பட்டது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை. 2011இல் அவர் கோல்டன் குளோப் விருது வாங்கினார்.

அடுத்து ஆர்ட்டியும் டினாவும். டினா திக்கித் திக்கிப் பேசுகிற பெண். ஆர்ட்டி எட்டு வயதில் கார் விபத்தில் நடக்கும் சக்தியை இழந்தவன். நாற்காலியில் இருந்து பார்த்த பிறகு டினாவுக்கு அவன் மேல் மதிப்பும் பிரியமும் கூடுகிறது. இருவரும் வெளியே போகிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அந்த நெருக்கத்தில் டினா மனதைத் திறக்கிறாள். தன் திக்கல் நடிப்பு. ஆறாம் வகுப்பில் எல்லோர் முன்னும் பேச வேண்டியிருந்ததைத் தவிர்க்கத் தொடங்கியது, ஆட்களைத் தள்ளி நிறுத்த வசதியாக இருந்ததால் அப்படியே நீடித்தது. சொன்னால் இன்னும் நெருங்கலாம் என்று நினைத்துச் சொல்கிறாள். ஆர்ட்டி முகம் திருப்பிக்கொண்டு நாற்காலியை உருட்டிப் போய்விடுகிறான்.

டினா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூச்சம் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஆர்ட்டியின் பக்கம் நியாயம் முழுவதாக இருக்கிறது. ஒரே படகில் இருக்கிறோம் என்று நம்பித்தான் அவன் தன் விபத்தின் கதையை அவளிடம் சொன்னான். அவள் நினைத்த நேரத்தில் இறங்கி நடந்து போகக்கூடியவள், அவனால் முடியாது. அவள் பொய்க்கு விலை கொடுத்தது அவன். கர்ட்டின் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

க்வின், ஃபின், பக் மூவரின் கதை இந்த எபிசோடில் துணைக்கதைதான். க்வின் கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தை தன்னுடையது என்று ஃபின் நம்புகிறான். உண்மையில் அது அவன் நண்பன் பக்கினுடையது. மருத்துவச் செலவுக்குப் பணம் கொண்டுவா என்று க்வின் ஃபின்னை நெருக்குகிறாள். பக் எதுவும் வெளியில் சொல்ல முடியாமல், கேக் விற்ற பணத்தை எடுத்து அவளிடம் நீட்டுகிறான். ஆர்ட்டியின் பேருந்துக்கான பணம் அது. க்வின் அதை ஏற்கவில்லை. போக்கிரிப் பையன் என்று பேர் வாங்கிய பக், அப்பா என்ற உரிமையைக் கேட்கத் தெரியாமல் திருட்டு வழியாகக் கேட்கிறான். இங்கே விலை கொடுப்பவன் ஃபின். தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.

இனி சூ சில்வெஸ்டர். சியர்லீடர் பயிற்சியாளர், தொடரின் வில்லி, யாரையும் விட்டுவைக்காத நாக்கு. ஜேன் லின்ச்சுக்கு 2010இல் எம்மி விருது வாங்கித் தந்த பாத்திரம். சியர்லீடர் குழுவில் க்வினின் இடத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெக்கி ஜாக்சனை சூ சேர்த்துக்கொள்கிறார். வில் ஷூஸ்டருக்கு நம்பிக்கை இல்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றே கவனித்துக்கொண்டிருக்கிறார். பெக்கியைக் கயிறு தாண்ட வைத்து சூ கடுமையாக விரட்டுவதைப் பார்த்துத் தட்டிக் கேட்கிறார். மற்றவர்களை நடத்துவதுபோல்தான் அவளையும் நடத்துகிறேன், அவளுக்கு வேண்டியதும் அதுதான் என்று பதில் வருகிறது.

எபிசோடின் கடைசியில் சூ ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். அங்கே இருப்பவர் அவர் அக்கா ஜீன். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். பக்கத்தில் உட்கார்ந்து சூ குழந்தைக் கதைப் புத்தகம் வாசிக்கிறார். அதுவரை எட்டு எபிசோடுகளாக நாம் வெறுத்துச் சிரித்த பெண் இவர். பெக்கியாக நடித்த லாரன் பாட்டரும் ஜீனாக நடித்த ராபின் ட்ரோக்கியும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களே. அதனால்தான் அந்தக் காட்சியில் போலி இரக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சூ தன் பாசத்தை ஒளித்து வைத்தார். ஒளித்ததால் கெட்ட பேர் அவருக்குத்தான். கர்ட்டுக்கு இந்த எபிசோடில் மிக அருகில் இருப்பவர் இந்த வில்லிதான் என்றால் நம்புவீர்களா?

ஆர்ட்டி விஷயத்தில் தொடர் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. அவனாக நடித்த கெவின் மெக்ஹேல் நிஜத்தில் நடக்கக்கூடியவர். ஊனமுற்ற நடிகர்கள் இருக்கும்போது ஏன் இவர் என்ற குரல் அப்போதே எழுந்தது; அது நியாயமான குரல். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒருவரின் வாழ்க்கை புரிந்துவிடும் என்ற எண்ணத்தையும் பலர் விமர்சித்தார்கள். இறுதியில் குழு முழுவதும் நாற்காலியில் இருந்தபடி 'ப்ரவுட் மேரி' பாடி ஆடுவது கண்ணுக்கு விருந்துதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஆர்ட்டி பணத்தை என்ன செய்யச் சொன்னான் என்பது. பேருந்து வேண்டாம், பள்ளி அரங்கில் சாய்தளம் போடுங்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும் என்கிறான். அப்போதுதான் தெரிகிறது, பள்ளியில் சாய்தளங்கள் போட சூ ஏற்கெனவே தன் பணத்தைக் கொடுத்துவிட்டார் என்று. பேருந்தும் வந்துவிடுகிறது.

மற்ற மறைப்புகளில் ஃபின்னிடம் மறைக்கப்பட்டது நான்கு எபிசோடுகள் கழித்து, 2009 டிசம்பரில் வந்த 'செக்‌ஷனல்ஸ்' எபிசோடில் வெடிக்கிறது. உண்மையை அவனிடம் சொல்வது ரேச்சல். பர்ட்டைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால் இருபதாவது எபிசோடுக்குப் போங்கள். அங்கே ஃபின்னும் அவன் அம்மாவும் பர்ட்டின் வீட்டில் வந்து தங்குகிறார்கள். ஒரு கோபத்தில் ஃபின் கர்ட்டின் முன்னால் அதே வகை வசைச் சொல்லை வீசிவிடுகிறான். தான் விரும்பும் பெண்ணின் மகன் என்றுகூடப் பார்க்காமல், பர்ட் அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார். தொலைபேசியில் வந்தபோது விழுங்கிய பதிலை, அப்போது சத்தமாகச் சொல்கிறார்.