மரவள்ளிப் படவரிசையை எந்த வீடியோ வடிவில் அனுப்பலாம்?

இளம்பிள்ளைச் சேலைகளைக் கைபேசியில் படமெடுத்து வெளியூர்களுக்கு அனுப்பி விற்பதை உழவர் பெருமக்கள் அறிவர். அதுபோலவே, வயலில் கண்ட பூச்சி, நோய் அறிகுறிகளைப் படமெடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படவரிசையாகத் தொகுத்துப் பிற உழவர்களுக்கும் அனுப்பலாம். ஆனால் வீடியோ வடிவம் பொருந்தாவிடில் பெறுபவரின் கைபேசியில் படம் ஓடாது. ஓடினாலும் அறிகுறி தெளிவாகத் தெரியாது.

தெளிவு ஏன் தேவை?

2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் பரவிச் சேதம் விளைவித்தது. இது தாக்கிய செடியின் குருத்து இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். தேமல் நோயிலும் இலைகள் உருக்குலையும். குருத்தில் வெண்மாவு படிந்த பூச்சிகள் உள்ளனவா என்று பார்த்தே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். படம் மங்கினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். நச்சுயிரியால் வரும் தேமல் நோய் பூச்சிமருந்தால் குணமாகாது. மேலும், மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த 2022-இல் ஏத்தாப்பூரில் வெளியிடப்பட்ட அனகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவியும் தேவையற்ற மருந்துத் தெளிப்பால் மடியும்.

வடிவம் என்றால் என்ன?

வீடியோக் கோப்பு ஒரு சாக்கு மூட்டையைப் போன்றது. எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பன சாக்கின் வகைகள். உள்ளே படத்தைச் சுருக்கி அடைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பெறுபவரின் கருவிக்கு இவ்விரண்டும் பொருந்தவேண்டும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் வடிவம் மாறிவிடாது. சாக்கின் மேல் எழுதியதை அழித்து எழுதினால் உள்ளேயுள்ள கடலை நெல்லாகிவிடுமா?

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எம்.பி.4 வடிவத்தையும், படத்திற்கு எச்.264, ஒலிக்கு ஏ.ஏ.சி. முறைகளையும் தேர்ந்தெடுக்கவும். ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளும் இவற்றை ஏற்கும். 2013-இல் வந்த எச்.265 முறை கோப்பின் அளவைக் குறைக்குமெனினும் பழைய கருவிகள் பலவற்றில் ஓடாது. டபிள்யூ.எம்.வி. வடிவம் விண்டோஸ் கணினிக்கே ஏற்றது.

2. படத்தின் அளவு 1280 × 720 புள்ளிகள் இருக்கட்டும்.

3. ஒவ்வொரு படமும் 6 வினாடி நிற்கட்டும். 20 படங்களுக்கு 2 நிமிடம் ஆகும். வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் 240 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் ஆதலால் கோப்பு 30 மெகாபைட் வரும். அசையாப் படங்களுக்குப் பெரும்பாலும் 1 மெகாபிட் வீதமே போதும். கோப்பும் 15 மெகாபைட்டாகக் குறையும்.

4. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு மேலும் சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' என்னும் பகுதி வழியாக அனுப்பினால் மாறாமல் சென்று சேரும்.

5. உழவர் கூட்டத்தில் தொலைக்காட்சியில் காட்டுவதாயின், பென் டிரைவில் பதிந்து முன்னதாகவே ஓட்டிப் பார்க்கவும்.

எவ்வளவு நன்றாக அமைந்தாலும் படவரிசை ஒரு சுருக்கமே. நோயைக் கண்டறிய ஆலோசனை கேட்கும்போது குருத்து, இலையின் அடிப்பகுதி, முழுச்செடி ஆகியவற்றின் மூலப் படங்களையும் தனித்தனியே டாக்குமெண்டாக அனுப்பவும். சரியான பரிந்துரை கிடைத்த பின்னரே மருந்து வாங்குதல் நலம்.