பெயரைப் பார்த்து விற்காதீர், அளவைப் பார்த்து விற்பீர்: பழைய கார்களின் ட்ரம், ஹப், ஸ்பின்டில்

யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான், வாகன உதிரிப்பாகம் என்பவை நமது சமூகத்தவர் பலருக்குப் பரம்பரைத் தொழில். 1990 அக்டோபர் இறுதியில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் சிலர், திரும்பி வந்து கடை திறந்தபோதும் இதே தொழிலைத்தான் கையில் எடுத்தார்கள். ஆகவே இந்த வாரம் இந்தத் தொழிலில் உள்ள ஒரு நுட்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பாகம் விற்பவருக்கு மட்டுமல்ல, பழைய கார் வாங்கி விற்பவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் இது பயன்படும்.

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், கொட்டிலில் கிடந்த ஒஸ்டின், மொறிஸ் கார்கள் பலவற்றைத் தூசு தட்டி வெளியே எடுத்தார்கள். கலியாணக் கார் என்று கேட்பவர்களும், அப்பாவின் காரைத் திருத்தி ஓட வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் கேள்வி கூடும்போது பொருந்தாத சாமானும் கை மாறும். கதவுப் பிடி பொருந்தாவிட்டால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவார். முன் சில்லுச் சாமான் பொருந்தாவிட்டால் அவர் திரும்பி வராமலே போகலாம்.

முதலில் மூன்று சாமானையும் விளங்கிக் கொள்வோம். ஸ்பின்டில் என்பது சில்லு சுற்றுவதற்கு ஆதாரமான முளை. அது சுற்றாது. அதன்மேல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பெயாரிங் ஏறும். அந்தப் பெயாரிங்களின் மேல் சுற்றுவது ஹப். ஹப்பில்தான் சில்லு போல்ட்கள் இருக்கும். ட்ரம் ஹப்போடு சேர்ந்து சுற்றும். பிறேக் சூ இருக்கும் பேக் பிளேட்டோ ஸ்பின்டில் பக்கத்தில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ட்ரம் ஹப்பைச் சேர்ந்தது, சூ ஸ்பின்டிலைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் சந்திக்க வேண்டுமானால் மூன்று சாமானும் ஒன்றுக்கொன்று கணக்காக இருக்க வேண்டும். ஹப் சற்று உள்ளே போனால் ட்ரம்மின் விளிம்பு பேக் பிளேட்டில் உரசும். சற்று வெளியே வந்தால் சூவின் ஒரு பகுதி ட்ரம்மைத் தொடாது. காரை மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரிபோலத் தெரியும். வேகத்தில் திடீரென மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

"ஏ40 ட்ரம் இருக்கா முதலாளி?" என்று கேட்டு வருபவர்கள் பலர். ஏ40 என்ற பெயரில் ஒஸ்டின் கம்பனி வெவ்வேறு கார்களைச் செய்தது. 1947இல் டெவன், 1952இல் சோமர்செட், 1954இல் கேம்பிரிட்ஜ், 1958இல் ஃபரீனா. டெவனின் முன் பிறேக் ஹைட்ரோலிக், பின் பிறேக் கம்பியால் இழுபடுவது. சோமர்செட்டில் நான்கு சில்லுக்கும் ஹைட்ரோலிக். சோமர்செட்டின் சில்லு 16 அங்குலம், ஃபரீனாவின் சில்லு 13 அங்குலம். ஆகவே "ஏ40" என்ற சொல்லை மட்டும் கேட்டு ட்ரம்மை எடுத்துக் கொடுப்பது, "சட்டை" என்று கேட்டவருக்கு அளவு கேட்காமல் ஒரு சட்டையைக் கொடுப்பது போன்றது.

மொறிஸ் மைனரும் அப்படித்தான். 1948இல் வந்த கார் அது. 1956இல் 948 சி.சி. எஞ்சினோடு மைனர் 1000 ஆனது. அதன் முன் ட்ரம் 7 அங்குலம். 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினார்கள். பின் ட்ரம் 7 அங்குலமாகவே இருந்தது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே கார். 7 அங்குலக் காருக்கு 8 அங்குலம் போட விரும்பினால் ட்ரம் மட்டும் போதாது. பேக் பிளேட், சூ, வீல் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும்.

மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கு இந்திய அம்பாசடர் சாமான் பொருந்தும் என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை. அம்பாசடர் 1956இல் வந்த மூன்றாம் வரிசை ஒக்ஸ்போர்ட்டைப் பார்த்துச் செய்யப்பட்டு, 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஆனால் 1959இல் வந்த ஐந்தாம் வரிசை ஒக்ஸ்போர்ட் முற்றிலும் வேறு கார். அம்பாசடரிலும் பிற்கால வண்டிகளுக்கு முன்பக்கம் டிஸ்க் பிறேக் வந்துவிட்டது. ஆகவே எந்த ஒக்ஸ்போர்ட், எந்தக் காலத்து அம்பாசடர் என்று கேட்காமல் இந்தியச் சாமானுக்கு ஓடர் கொடுக்கக் கூடாது.

குடாநாட்டுக் கார்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களில் பெற்றோலும் உதிரிப்பாகமும் வராத காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். எஞ்சினுக்கு அப்படியென்றால் மற்றச் சாமான்களுக்கும் அப்படித்தான். ஒரு காரின் ஹப் இன்னொரு காரில் ஏறியது. பெயாரிங் தளர்வாக இருந்தால் லேத்தில் புஷ் கடைந்து போட்டார்கள். அந்த மெக்கானிக்குகளின் திறமையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதன் விளைவாக, இன்று ஒரு காரின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் அதன் சில்லுக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. இடது பக்கம் ஒரு சாமான், வலது பக்கம் வேறு சாமான் இருந்த கார்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனவே அளந்துதான் ஆக வேண்டும். ஒரு வேர்னியர் கலிப்பர் போதும். பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, ஸ்பின்டிலில் பெயாரிங் உட்காரும் இரண்டு இடங்களின் விட்டம். பழைய பெயாரிங்கின் இலக்கத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். தளர்வாக ஏறும் பெயாரிங்கைப் புஷ் போட்டுச் சமாளிக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, ஹப்பின் ஆழம். ட்ரம் உட்காரும் முகத்திலிருந்து உள் பெயாரிங் வரை எவ்வளவு என்று பாருங்கள். பெயாரிங் பொருந்தி ஆழம் பொருந்தாத ஹப்தான் ஆளை ஏமாற்றும்.

மூன்றாவது, போல்ட் வட்டம். நான்கு போல்ட் உள்ள ஹப்பில் எதிரெதிர் போல்ட்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். மைனருக்கு அது 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். இன்றைய ஜப்பானியச் சிறிய கார்கள் பலவற்றில் 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தான். தட்டி இறுக்கினால் ஏறிவிடும். ஆனால் சில்லு நடுவில் உட்காராது, போல்ட்கள் வளைந்து நின்று நாளடைவில் முறியும். மைனரின் போல்ட் 3/8 அங்குல யூ.என்.எஃப். பல் கொண்டது. அதில் மில்லிமீற்றர் நட்டை வலிந்து ஏற்றினால் பல் உரிந்துவிடும்.

நான்காவது, ட்ரம்மின் நடுத்துளை, உள்விட்டம், ஆழம், சூவின் அகலம். உள்விட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்தால் ட்ரம் வட்டமாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். லேத்தில் பல தடவை கடைந்த ட்ரம் மெலிந்திருக்கும். மெலிந்த ட்ரம் சூடேறி விரியும், வெடிக்கவும் கூடும். ஒரு பக்கத்தைக் கடைந்தால் மறுபக்கத்தையும் அதே அளவுக்குக் கடைய வேண்டும்.

ஐந்தாவது, வீல் சிலிண்டரின் அளவு. பெரிய சிலிண்டர் போட்டால் அதிக எண்ணெய் வேண்டும், பெடல் கீழே போகும். இரு பக்கமும் வெவ்வேறு அளவானால் பிறேக் சமமாகப் பிடிக்காது.

பூட்டிய பிறகு ஒரு எளிய சோதனை உண்டு. சூவில் சோக் பூசி, ட்ரம்மைப் போட்டு, சில்லைச் சுற்றி பிறேக்கை மெதுவாக மிதித்துக் கழற்றிப் பாருங்கள். சூவின் முழு அகலத்திலும் சோக் அழிந்திருந்தால் சரி. ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் மூன்று சாமானில் ஏதோ ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையல்ல. அமெரிக்காவில் பழைய ஃபோர்ட் கார்களை வேகக் கார்களாக மாற்றி ஹொட் ரொட் என்று ஓட்டுகிறார்கள். ஃபோர்ட் கம்பனி ஹைட்ரோலிக் பிறேக்குக்கு மாறியதே 1939இல்தான். அதனால் 1932ஆம் ஆண்டுக் காருக்குப் பிந்திய காலத்து பிறேக்கைப் பூட்டுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் பலர் ட்ரம்மை ஒரு காரிலும் ஸ்பின்டிலை இன்னொரு காரிலும் எடுக்க விரும்புவதில்லை. ஸ்பின்டில் முதல் ட்ரம் வரை ஒரே காரிலிருந்து முழுதாகக் கழற்றி எடுக்கிறார்கள்.

நமது நாட்டிலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து தெற்கில் மைனர் பாகங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்கே இங்கிருந்து பாகங்கள் போயின. அளவு பிசகாமல் செய்தால் நமது கைவேலைக்கும் வெளிநாட்டில் விலை உண்டு என்பதற்கு இது சான்று.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பழைய கார் ஒன்றை உடைக்க வாங்கினால் முன் சில்லுச் சாமானைத் தனித்தனியாக இரும்புக் குவியலில் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு செட்டாகக் கம்பியால் கட்டி, எந்தக் கார், எந்த ஆண்டு, இடமா வலமா, மேற்சொன்ன அளவுகள் என்ன என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்க விடுங்கள். செட்டாக விற்றால் விலையும் கூடக் கேட்கலாம். தனிச் சாமான் கேட்டு வருபவரிடம் பழையதைக் கழற்றிக் கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து, அந்த அளவைப் பில்லிலும் எழுதுங்கள். வெடிப்போ மெலிவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வெடித்த ட்ரம் விற்பனைப் பொருளல்ல, அது நிறைக்குப் போகும் இரும்பு.

பொருந்தாத ஒரு ட்ரம்மில் சில ஆயிரம் ரூபா இலாபம் வரலாம். அது யாருடைய காரில் ஏறும், அந்தக் காருக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. "என்னிடம் இதற்குப் பொருந்துவது இல்லை" என்று சொல்லி ஒருவரை அனுப்பினால் அன்றைய வியாபாரம் மட்டும் போகும். அடுத்த முறை சாமான் தேவைப்படும்போது அவர் முதலில் ஏறுவது நமது கடைப் படியாகத்தான் இருக்கும்.